மகாகுரு கார்முகிலரின் ஆடி மாதம்

சாமுவேல் மூன்று வாரம் மெனக்கெட்டு உருவாக்கிய மகாகுரு கார்முகிலரை, காளிச்சாமி மூன்றே நிமிடத்தில் மருந்துக்கடைக்காரர் ஆக்கிவிட்டார்.

காந்திபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் சாமுவேலுக்கு யு.பி.எஸ். பழுது பார்க்கும் கடை இருந்தது. கடைக்கு மேலே ஒரு அறை. வார நாட்களில் அங்கே செத்துப்போன பேட்டரிகள் குடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவற்றை ஓரம்கட்டி, ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டுவிட்டால் அந்த அறை கருமலை நாடாகிவிடும். இரண்டு வருடமாக அந்த நாட்டில் மழை பெய்வதும் வெயில் அடிப்பதும் சாமுவேல் சொல்படிதான்.

விளையாட்டின் முறை எளிது. வேடம் கட்டாமலே ஆடும் கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் கதையை நடத்துவார்; அவர்தான் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "முன்னாடி ஒரு ஆறு. பாலம் இல்ல" என்று நடத்துபவர் சொன்னால், "நான் நீந்தறேன்" என்றோ "பரிசல் தேடறேன்" என்றோ அவரவர் சொல்ல வேண்டும். சொன்னது நடந்ததா என்று இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்ப்புச் சொல்லும். இருபது விழுந்தால் தலைமுடி நனையாமல் அக்கரை சேரலாம். ஒன்று விழுந்தால் செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

ஆட வருபவர்கள் மூன்று பேர். காரமடையில் சரக்கு ஆட்டோ ஓட்டும் காளிச்சாமி, ஆட்டத்தில் 'மின்னல்' என்ற திருடன். பிசியோதெரபிஸ்ட் ரம்ஷா வாரம் முழுக்க அடுத்தவர் மூட்டுகளைப் பதமாக நீவிவிட்டு, ஞாயிறன்று 'இரும்பி' என்ற வாள்வீராங்கனையாக வந்து மூட்டுகளை முறிப்பாள். கல்லூரியில் வேதியியல் நடத்தும் கிருபாசங்கர் மந்திரவாதி. தடித்த விதிப்புத்தகத்தில் கலர் கலராகச் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டு, கடவுளே வந்து பேசினாலும் பக்க எண் கேட்கிற ஆள்.

அந்த ஞாயிறு மூவரும் மழைமாடத்துக்கு வருவதாகக் கதை. மழைமாடம் என்பது சாரலன் என்ற மழைத் தெய்வத்தின் தலைமைக் கோயில். அதன் மகாகுரு கார்முகிலர் கை அசைத்தால் நாட்டில் ஏழு கோட்டைகளின் கொடி இறங்கும். அப்படித்தான் சாமுவேல் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தான். அங்கியின் நீலம் எந்த நீலம் என்பதற்கே அரைப் பக்கம்.

சாமுவேல் நாற்காலி மேல் ஏறி நின்றான். அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தான்.

"யாரங்கே! மழைமாடத்தின் புனித வாசலில் கால் வைக்கத் துணிந்த அற்பர்களே! கார்முகிலன் பேசுகிறேன்!"

காளிச்சாமி மிக்சரை மென்றுகொண்டே கும்பிட்டார். "வணக்கமுங்க சாமி. தோள்ல ஒரு வெட்டுங்க. காயம் ஆத்தற மந்திரம் ரெண்டு போட்டு உட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். குதிரைய வெளிய நிறுத்திட்டு வந்திருக்கறமுங்க."

"எனக்கும் ஒண்ணு" என்றாள் ரம்ஷா. "முட்டிக்கு."

"அடேய் மூடர்களே! என் கோபத்தின் முன்..."

"கோபம் அப்பறம் படலாமுங்க சாமி, மொதல்ல மருந்து."

சாமுவேலுக்குப் பொறுக்கவில்லை. வானம் பிளந்தது, மகாகுருவின் கையிலிருந்து இடி இறங்கியது என்றான். கிருபாசங்கர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இடிக்கு விலகும் உருட்டு உண்டுங்க. பக்கம் நூத்தி நாப்பத்திரண்டு" என்றார். காளிச்சாமி உருட்டினார். பத்தொன்பது. விலகியாயிற்று. அதோடு விட்டாரா? "விலகற வாக்குல அந்தச் சாமி கையில இருக்கற கோலையும் உருவிக்கறேனுங்க மாஸ்டர்" என்று இன்னொரு முறை உருட்டினார். இருபது.

ஏழு கோட்டையை நடுங்க வைக்கிற மழைக்கோல் ஒரு திருடனின் அக்குளில் போய் உட்கார்ந்துகொண்டது. சாமுவேல் கார்முகிலராக ஒரு கத்து கத்தினான். பாதியில் குரல் உடைந்து, கடைசிச் சொல் கீச்சென்று கோழிக்குஞ்சாக வெளியே வந்தது. ரம்ஷா சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

மாலை போத்தனூரில் வீடு சேர்ந்தபோது மனைவி செவ்வந்தி போனில் இருந்தாள். அவள் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர். ஆவணியில் நடக்கப்போகும் ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒதுக்கிய அறை சின்னதாக இருக்கிறது என்று யாரோ பெரியவர் மறுமுனையில் கொதித்துக்கொண்டிருந்தார்.

"செரிங்க மாமா. நீங்க சொல்றதும் ஞாயந்தானுங்க. ஒண்ணு பண்ணலாமுங்களா? மேல் ரூம்ல காத்து நெம்ப நல்லா வருமுங்க. பெரியவங்களுக்குப் படி ஏறச் சிரமமா இருக்குமோன்னுதான் நான் சொல்லல... அப்படீங்களா? நீங்க ஏறிருவீங்களா? உங்களப் பாத்தா அறுவத்தஞ்சுன்னு ஆரு சொல்லுவாங்க... செரிங்க, செரிங்க."

போனை வைத்தாள். பெரியவர் தானே கேட்டு மேல் அறைக்குப் போகிறார். அதைவிடச் சின்ன அறை அது.

சாமுவேல் நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பினான். செவ்வந்தி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தன பெரிய ஆளு எதுக்குங்க கத்தறாரு?"

"கோபமுங்கறேன்!"

"அவுரு கோபப்பட்டா வேற யாராச்சுமில்ல கத்தோணும்?"

உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இரண்டு நாளில் குரல் சுத்தமாகப் போயிற்று. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, பத்து நாளைக்கு வாயே திறக்கக் கூடாது, முடியாத பட்சத்தில் ரகசியம் பேசுகிற மாதிரி நாலு வார்த்தை பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தைத் தள்ளிப்போடலாம்தான். ஆனால் நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது கருமலை நாட்டில் டிராகனைக் கொல்வதைவிடக் கஷ்டம். காளிச்சாமி ஒரு லோடை வேண்டாம் என்றிருந்தார். ரம்ஷா ஷிஃப்ட் மாற்றியிருந்தாள். கிருபாசங்கர் மாமியார் வீட்டு விருந்தை மறுத்துவிட்டு, அதன் பலனை வீட்டில் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

"நான் வேணா வாரனுங்க" என்றாள் செவ்வந்தி. ஆடி பிறந்திருந்தது. மண்டபத்தில் கல்யாணமே இல்லை. அவளுக்கு ஞாயிறு சும்மாதான். "கதைய நீங்க எழுதிக் காட்டுங்க, இல்லாட்டிக் காதுல சொல்லுங்க, நான் எடுத்துச் சொல்றேன். அந்தக் குருவ நான் பேசிக்கறேன்."

சாமுவேல் தன் பன்னிரண்டு பக்கத்தையும் கொடுத்தான். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல அங்கி இருக்குது, மந்திரம் இருக்குது, தாடி எத்தன முழமுன்னு இருக்குது. அவருக்கு என்ன வேணும்னு காணமே?"

"என்ன வேணும்னா?" என்று மூச்சால் கேட்டான்.

"மண்டபத்துக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு வேணுமுங்க. ஒருத்தருக்கு முன்வரிசை சீட்டு, ஒருத்தருக்குத் தன் பேரு பத்திரிகைல பெருசா வரோணும். அது தெரிஞ்சாத்தான் பேச முடியும்."

மூன்று வாரமாகக் கூடவே வாழ்ந்த மனிதரைப் பற்றிச் சாமுவேல் இதை யோசித்ததே இல்லை. பிறகு ஒரு தாளில் எழுதினான்: கோல் திரும்ப வேண்டும். மலைக்குப் போகும் மேல்வாசலை யாருக்கும் திறந்துவிடக் கூடாது.

மூவரும் மழைமாடத்துக்கு வந்தது அந்த மேல்வாசலுக்காகத்தான். அதைத் தாண்டினால்தான் டிராகன் இருக்கும் குகை. வாசல் திறக்க மகாகுருவின் முத்திரை வேண்டும். கோல் கையில் இருக்கிற தைரியத்தில், மிரட்டி வாங்கிவிடலாம் என்று காளிச்சாமி திட்டம் போட்டு வந்திருந்தார். ஞாயிறன்று சாமுவேல் செவ்வந்தியின் காதில் சொல்ல, அவள் எடுத்துச் சொன்னாள்: மழைமாடத்தின் கதவு திறந்தே கிடக்கிறது, காவலுக்கு ஒருவரும் இல்லை, உள்ளே ஒரு வயதானவர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்.

ரம்ஷா முதுகை நிமிர்த்தினாள். "நான் வாளை உருவறேன்."

செவ்வந்தி கையை மடியில் வைத்துக்கொண்டு, குரலை ஒரு துளிகூட மாற்றாமல், மகாகுரு ஆனாள்.

"வாங்க கண்ணு, வாங்க. உக்காருங்க. அந்த வாளு கனமா இருக்கும், இப்பிடிச் சாச்சு வைங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. சாப்புட்டீங்களா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இ... இல்லீங்க" என்றாள் ரம்ஷா.

"அதான பாத்தேன். இலை போடச் சொல்றேன். சார் நீங்க இக்கட்டால வந்து உக்காருங்க, அக்கட்டால வெயில் அடிக்குது. அப்பறம், மின்னலுங்கறது நீங்கதானுங்களா? உங்களப் பத்தி நெம்பப் பேரு நல்லாச் சொன்னாங்க."

"ஆரு?" என்றார் காளிச்சாமி சட்டென்று.

"எல்லாருந்தானுங்க." செவ்வந்தி சிரித்தாள். "உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?"

இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. காளிச்சாமி தடுமாறி, "பனஞ்சோலைங்க" என்று ஒரு ஊரைப் பிறப்பித்தார்.

"பனஞ்சோலையா! அம்மா இருக்காங்களா?"

"இருக்கறாங்க. தனியா. ஆடு வெச்சிருக்கறாங்க."

"அடடே. தனியாவா இருக்காங்க?" செவ்வந்தியின் குரலில் அப்படி ஒரு கனிவு. "பனஞ்சோலை மாடத்துல நம்ம ஆளு ஒருத்தர் இருக்கறாரு. தெனமும் ஒரு நடை போயி அம்மாவப் பாத்துட்டு வரச் சொல்றேன். எப்பத் தூங்கறாங்க, எப்ப எந்திரிக்கறாங்க, ஆடு மேய்க்க எந்தப் பக்கம் போறாங்க, எல்லாம் பாத்துக்குவாரு. நீங்க அம்மாவ நெனச்சுக் கவலையே படக் கூடாதுங்க, செரிங்களா?"

காளிச்சாமியின் கையில் மிக்சர் அப்படியே நின்றது. அரை நிமிடத்துக்கு முன்பு பிறந்த அம்மா அவர். ஆனாலும் காளிச்சாமிக்கு வியர்த்துவிட்டது.

கிருபாசங்கர் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினார். "இது மிரட்டல்தானுங்க? மிரட்டலைத் தாங்கும் உருட்டு உண்டு."

"அவர் மிரட்டவே இல்லீங்களே சார்" என்றாள் ரம்ஷா மெதுவாக. "அம்மாவப் பாத்துக்கறேன்னுதான சொன்னாரு?"

கிருபாசங்கர் பக்கத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை.

சாப்பாடு நடந்தது. மகாகுரு கோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரம்ஷாவின் முட்டிக்கு எண்ணெய் கொடுத்தனுப்பினார். கிளம்பும்போது காளிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாஸ்டர், நான் யாருக்கும் தெரியாம அந்தக் கோலை எடுத்த எடத்துலயே வெச்சர்றேன். உருட்டோணுமா?" என்றார். சாமுவேல் வேண்டாம் என்று தலையசைத்தான்.

வெளியே வந்தும் விட்டபாடில்லை. சத்திரத்தில் தங்கப் போனார்கள். மாடியில் நல்ல அறை தயாராக இருந்தது. "மகாகுரு சொல்லியனுப்பினாருங்க" என்றார் சத்திரக்காரர். குதிரைக்கு லாடம் அடிக்கப் போனால், ஏற்கெனவே அடித்தாயிற்று. மகாகுரு சொல்லியனுப்பினாராம். யாருக்கும் சொல்லாமல் ஊர்க்கோடியில் ஒரு பாழடைந்த மண்டபத்தில் போய்ப் படுத்தார்கள். விடிந்து பார்த்தால் தலைமாட்டில் மூன்று போர்வை மடித்து வைத்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் ரம்ஷா. "மேல்வாசலத் தொறக்கச் சொல்லிக் கேட்டமா நாம?"

கேட்கவே இல்லை. மூன்று பேரும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

மணி ஆறடித்ததும் எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற காளிச்சாமி அன்றைக்குக் காரமடை வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் பஸ் இரண்டை விட்டுவிட்டுப் படிக்கட்டில் நின்று பேசினார். "மாஸ்டர், ரெண்டு வருசத்துல எனக்கு மொதத் தடவையா பயம் வந்துச்சுங்க. அம்மணி, அடுத்த வாரமும் நீங்கதானுங்க குரு."

சாமுவேல் சந்தோஷமாகத் தலையாட்டினான். அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம் தாங்கியது.

தொண்டை சரியாகிவிட்டது. ஆனால் அவன் குருவாக வாயைத் திறந்ததும் மூவரும் ஒரே குரலில், "அக்கா பேசட்டும்" என்றார்கள். சரி, பேசட்டும். கதை தன் கையில்தானே என்று இருந்தான். கருமலை அரசன் பக்கத்து நாட்டின் மேல் படையெடுக்கப்போகிறான். அதுதான் அடுத்த ஆறு மாதத்துக் கதை. நாற்பது பக்கம் எழுதி, வரைபடம் போட்டு, எந்த ஆற்றங்கரையில் எந்தப் படை என்று கலர் பென்சிலால் குறித்திருந்தான்.

அரசன் மகாகுருவிடம் ஆசி வாங்க வந்தான். அரசனாகச் சாமுவேலே பேசினான்.

"குருவே, நாளை மறுநாள் படை புறப்படுகிறது. வாழ்த்துங்கள்."

"நெம்பச் சந்தோசமுங்க" என்றாள் செவ்வந்தி. "நல்ல நாளு பாத்துட்டீங்களா?"

"வீரனுக்கு நாள் எதற்கு?"

"உங்களுக்கு வேண்டாமுங்க. கூட வர்ற முப்பதாயிரம் பேரும் ஊட்டுல கேப்பாங்கல்ல? மகாகுரு நாள் குறிக்காமக் கெளம்பறோம்னு அவங்க பொண்டாட்டிகிட்டப் போயிச் சொல்ல முடியுங்களா? நான் குறிச்சுத் தாரேன். நாலு மாசம் கழிச்சு ஒரு அருமையான நாள் வருதுங்க."

நான்கு மாதம் என்றால் மழைக்காலம். விதைப்பு. படைவீரர்கள் முக்கால்வாசிப் பேர் விவசாயிகள் என்று சாமுவேலே எங்கோ ஒரு மூலையில் எழுதித் தொலைத்திருந்தான். ரம்ஷா அதை ஞாபகப்படுத்தினாள். அரசன் பல்லைக் கடித்தான். நாள் குறிக்காமல் கிளம்பினால் படை வராது. நாள் குறித்தால் போர் நடக்காது. நாற்பது பக்கமும் ஒரு 'நல்ல நாளில்' கரைந்து போயின. மூவரும் கைதட்டினார்கள்.

சாமுவேலும் கைதட்டினான். ஆனால் தான் கட்டிய நாட்டில் தானே வாடகைக்கு இருப்பது போல இருந்தது. மூவரும் இப்போது அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவன் எதைச் சொன்னாலும் அவர்கள் பார்வை செவ்வந்தி பக்கம் போகிறது. டிராகன் வந்து ஒரு கிராமத்தை எரித்தது என்றான். "மகாகுருகிட்டக் கேக்கலாம்" என்றார் கிருபாசங்கர், விதிப்புத்தகத்தைத் திறக்காமலே.

ஆடியின் கடைசி ஞாயிறு, அரசனின் ஏவலில் ஒரு கொலையாளி மழைமாடத்துக்குள் நுழைந்தான். சாமுவேல் இதை யாருக்கும் சொல்லவில்லை. செவ்வந்திக்கும் சொல்லவில்லை.

மகாகுரு வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்திருந்தார். "வாங்க தம்பி. சாப்புட்டீங்..." என்று செவ்வந்தி ஆரம்பிப்பதற்குள், "அவன் பேசலை. கத்தியை எறியறான்" என்றான் சாமுவேல். எல்லோரும் பார்க்கப் பகடையை உருட்டினான். மேசை ஓரம் வரை உருண்டு போய்த் தயங்கி நின்றது.

இருபது.

ரம்ஷா, "நான் குறுக்க விழறேன்!" என்று எழுந்தேவிட்டாள். அவள் பாத்திரம் அப்போது சத்திரத்தில் இருந்தது. கிருபாசங்கர் பக்கங்களை அள்ளிப் புரட்டினார். இருபதுக்கு விலகும் உருட்டு இல்லை.

"செத்துட்டாருங்களா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"ஆமா" என்றான் சாமுவேல். ஜெயித்தவன் குரல்தான். ஆனால் அவன் எதிர்பார்த்த ருசி அதில் இல்லை.

"மாஸ்டர், இது ஞாயமில்லீங்க" என்றார் காளிச்சாமி. அவருக்குக் கண் சிவந்திருந்தது. "அந்த மனுசன் எங்கம்மாவுக்கு ஆள் போட்டுப் பாத்துக்கிட்டாருங்க."

செவ்வந்தி பகடையை எடுத்துச் சாமுவேல் பக்கம் வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "அடுத்த குரு ஆருன்னு எழுதி வெச்சிருப்பாருல்லீங்க?" என்றாள். "இத்தனை விவரமான ஆளு அதை எழுதாம இருக்க மாட்டாரு."

சாமுவேலால் மறுக்க முடியவில்லை. "எழுதியிருப்பாரு."

"பாயிக்கு அடியில ஒரு ஓலை இருக்குதுங்க. நான் படிக்கட்டுமா?" வெறும் கையை ஓலை போலப் பிரித்துப் பிடித்தாள். "கோலை எடுத்தவரு ஏராளம். எடுத்த கோலைத் தானாக் கொண்டுவந்து வெச்சவரு ஒருத்தருதான். பனஞ்சோலை மின்னல் அடுத்த மகாகுருவா இருக்கோணும்."

காளிச்சாமி வாயைப் பிளந்தார். "நானா? நான் திருடனுங்க!"

"எனக்கென்னங்க தெரியும்? நான் செத்துட்டேன்" என்றாள் செவ்வந்தி. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

வண்டியில் போத்தனூர் வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சாமுவேல் வண்டியை நிறுத்தினான். இரண்டு டீ வாங்கிவந்தான்.

"கோவமா?"

"இல்லீங்க."

அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அவன் டீயை ஊதிக்கொண்டே நின்றான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான்: "எனக்குப் பொறாமை செவ்வந்தி. ரெண்டு வருசமா நான் கத்திக் கத்தி வராதது உனக்கு ஒரே நாள்ல வந்துருச்சு. அவங்க எம்மூஞ்சியப் பாக்கறதே இல்ல. அதான் கொன்னுபோட்டேன்."

செவ்வந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், கண்ணும் லேசாகக் கலங்கியது.

"எனக்கு அது எப்பிடி இருந்துச்சுன்னு தெரியுங்களா? மண்டபத்துலயும் நான் இதே மாதிரித்தான் பேசறேன். வாங்க, உக்காருங்க, சாப்புட்டீங்களா. அங்க நான் பயந்துட்டுப் பேசறேனுங்க. ஒரு வார்த்த தப்பா வந்தாப் போதும், ஆரு வேணும்னாலும் என்னைய நாலு பேர் முன்னாடி திட்டலாம். திட்டியிருக்காங்க. இங்க அதே வார்த்தையச் சொன்னா மூணு பேரு பயந்துட்டுக் கேக்கறாங்க. ஆடி பூராவும் ஞாயித்துக்கெழமைன்னா எனக்குக் காலைலயே சந்தோசமா இருக்குமுங்க."

மண்டப வாசலில் அவள் குனிந்து குனிந்து வரவேற்பதைச் சாமுவேல் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அது அவளுக்குச் சுலபமாக வருகிற விஷயம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"குருவத் திருப்பிக் கொண்டுவந்தர்லாம். உயிர்ப்பிக்கற மந்திரம் இருக்கு. கிருபா சார் பக்கமே சொல்வாரு."

"வேண்டாமுங்க. நல்லா வாழ்ந்துட்டாரு." டம்ளரை வைத்தாள். "இனி எனக்கு வேற ஆளு வேணும். யோசிச்சுச் சொல்றேன்."

ஆவணி பிறந்தது. முகூர்த்தம் அடுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் அவளால் வர முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் காளிச்சாமி, மகாகுரு மின்னலாக, தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு பாடாய்ப் பட்டார். முதல் நாள் அதிகாரமாக இரண்டு கத்து கத்திப் பார்த்தார். மாடத்து வேலையாட்கள் எல்லோரும் பணிந்து கேட்டுவிட்டு ஒரு வேலையும் செய்யவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதில் நாட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவருக்கு என்ன வேணும் என்று எழுதியிருந்தது. அரசனுக்கு எதிரே மட்டும் நான்கு வரி. டீ வாங்கி வந்த சாமுவேல் அதை எட்டிப் பார்த்து, அரசனைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்று அதில் இருப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் தன் தாளில் குறித்துக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறு மூன்றரை மணிக்குப் படிக்கட்டில் வேகமான காலடி. செவ்வந்தி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். நேராக மண்டபத்திலிருந்து வருகிறாள். பாயசத்தில் முந்திரி கம்மி என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் கால் மணி நேரம் அவளை நிற்க வைத்துப் பேசியிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே, செரிங்க, செரிங்க என்று கேட்டிருந்தாள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, எனக்கு ஆளு தயாருங்களா?"

"நீ சொன்னாத் தயார்" என்றான் சாமுவேல். "யாரா வர்ற? மந்திரியா, தூதரா?"

"பேச்சே வேண்டாமுங்க. எனக்கு ஒரு கோடாலி வேணும். பெருசா."

ரம்ஷா விசில் அடித்தாள். கிருபாசங்கர் ஆயுதப் பட்டியலைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கோடாலியை விரலால் காட்டினார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, "இடியாத்தா" என்றாள்.

"செரி" என்றான் சாமுவேல். "இடியாத்தா மழைமாடத்து வாசலுக்கு வந்திருக்கா. உள்ள மகாகுரு மின்னல் உக்காந்திருக்காரு."

காளிச்சாமி துண்டைச் சரிசெய்துகொண்டார். நோட்டைப் பிரித்தார். முகத்தில் கருணையை வரவழைத்துக்கொண்டார். "வாங்க அம்மணி, வாங்க. வெயில்ல..."

"நான் கதவ ஒடைக்கறேன்" என்றாள் செவ்வந்தி.

"கதவு தொறந்துதானுங்க இருக்குது."

"பரவால்லீங்க. ஒடைக்கறேன்."

காளிச்சாமி நோட்டைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல் இருபது முகப் பகடையை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தான். அவள் வளையல் குலுங்கக் கையை ஆட்டி, வாய்விட்டு ஒரு சத்தம் போட்டு உருட்டினாள். அந்தச் சத்தத்தில் கீழே ஸ்டெபிலைசர் கடைக்காரர் சந்துக்கு ஓடிவந்து, அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, மேல என்னுங்க ஆச்சு?" என்று கூப்பிட்டார்.

பதினெட்டு விழுந்திருந்தது. சாமுவேல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒண்ணுமில்லீங்க, எங்கூட்டுல கதவ ஒடைக்கறாங்க" என்றான்.